ஜெர்மனியில் குழந்தை பிறந்தால்: குடியுரிமை வேலைகளைப் பிரசவத்துக்கு முன்பே தொடங்குங்கள்

பவேரியாவில் நாங்கள் இருக்கும் சிறிய ஊருக்குப் புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்கள், வீட்டில் விசேஷம் என்று தெரிந்ததும் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "இங்கே பிறந்தா ஜெர்மன் குடியுரிமை தானா வந்துடுமாண்ணே?"

வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களுக்கு வராது. அது பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான். தெரியாத பாதி என்னவென்றால், இந்தியக் குடியுரிமையும் தானாக வராது. அப்பா இந்தியர், அம்மா இந்தியர், இரண்டு பேர் கையிலும் நீலப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதற்காகவே வெளிநாட்டில் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகனோ குடிமகளோ ஆகிவிடாது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பிரிவு 4, 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும்.

அதாவது, மருத்துவமனையில் இருந்து போர்வைக்குள் சுற்றி நீங்கள் தூக்கி வரும் பிள்ளை, காகிதத்தில் அன்றைக்கு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டு குழந்தைகள், இரண்டு பேருக்கும் இந்த வேலைகளைச் செய்திருக்கிறோம். மூத்தவளுக்கு அலைந்தோம். சின்னவனுக்கு அலையவில்லை. சின்னவனுக்கு எல்லாவற்றையும் பிரசவத்துக்கு முன்பே தொடங்கினோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முதலில் உங்கள் வழி எது என்று பாருங்கள்

பெற்றோரில் ஒருவராவது குழந்தை பிறக்கும் நாளில் ஜெர்மனியில் 5 ஆண்டுகள் சட்டப்படி வசித்திருந்து, அவர் கையில் நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் இருந்தால், குழந்தை பிறக்கும்போதே ஜெர்மன் குடியுரிமை பெறுகிறது. 2024 ஜூன் 27க்கு முன்பு இது 8 ஆண்டுகளாக இருந்தது. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பிறப்பைப் பதியும் ஸ்டாண்டஸ்அம்ட், அதாவது பதிவு அலுவலகம், வெளிநாட்டவர் அலுவலகத்திடம் கேட்டு அதுவே முடிவு செய்யும்.

இந்த இரண்டு நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும், அதுவும் பிறந்த நாளன்று இருக்க வேண்டும். பிளூ கார்டில், அதாவது உயர்தகுதிப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அட்டையில், இருப்பவர்கள் 27 மாதத்திலேயே நிரந்தர உரிமை வாங்கலாம், பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில். ஆனால் 5 ஆண்டு ஆகவில்லை என்றால் குழந்தைக்கு அது உதவாது. அதேபோல 7 ஆண்டு இருந்தும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்காமலே விட்டவர்களும் இருக்கிறார்கள். இங்கே முதுகலை படிக்க வந்து அப்படியே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன்: படித்த ஆண்டுகளும் வசிப்புக் கணக்கில் சேரும். பிரசவத் தேதி கையில் இருக்கிறது என்றால், இன்றைக்கே உட்கார்ந்து மாதங்களை எண்ணிப் பாருங்கள். பிரசவத்துக்கு ஒரு வாரம் கழித்து அந்த அட்டை வந்து பயனில்லை.

நிபந்தனை பொருந்தினால் உங்கள் வழி ஜெர்மன் பாஸ்போர்ட், பிறகு ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. பொருந்தாவிட்டால் இந்தியப் பதிவு, இந்தியப் பாஸ்போர்ட், பிறகு ஜெர்மன் குடியிருப்பு அட்டை. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வழியில்தான் போகவேண்டி இருக்கும். அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

பெயர்: எல்லாச் சிக்கலுக்கும் ஊற்றுக்கண்

மற்ற எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளிப் போடலாம். பெயரைத் தள்ளிப் போடாதீர்கள். ஜெர்மன் பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் இந்தியப் பதிவிலும், பாஸ்போர்ட்டிலும், குடியிருப்பு அட்டையிலும், காப்பீட்டிலும், பிறகு பள்ளியிலும் ஏறும்.

நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல் உண்டு. ஜெர்மன் படிவத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப்பெயர் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் பாருங்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் பெயர் முத்துக்குமார், சர்நேம் கட்டத்தில் அவருடைய அப்பா பெயர் சண்முகம். அம்மா கவிதா, சர்நேம் ராஜேந்திரன். குழந்தைக்கு வெண்பா என்று பெயர் வைக்கிறார்கள். ஊரில் அவள் மு. வெண்பா. ஆனால் ஜெர்மன் அலுவலருக்கு முத்துக்குமாரின் குடும்பப்பெயர் சண்முகம், கவிதாவின் குடும்பப்பெயர் ராஜேந்திரன். அப்படியே விட்டால் குழந்தை வெண்பா சண்முகம் அல்லது வெண்பா ராஜேந்திரன் ஆவாள், தாத்தா பெயரோடு. சிலருக்கு அது பிடித்திருக்கிறது. தாத்தா பெயர் பேத்தியோடு போகட்டுமே என்று மனசார வைப்பவர்கள் உண்டு. வெண்பா முத்துக்குமார் என்றுதான் வேண்டும் என்பவர்கள் இந்தியச் சட்டப்படி பெயர் வைக்க விரும்புகிறோம் என்று பதிவு அலுவலகத்தில் தனியாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இதை அவர்கள் ரெஷ்ட்ஸ்வால் என்பார்கள், சட்டத் தேர்வு. 2025 மே 1 முதல் ஜெர்மன் பெயர்ச் சட்டம் மாறியிருப்பதால், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஜெர்மன் சட்டம்தான் பொருந்தும். ஆகவே வாயைத் திறந்து கேட்க வேண்டும். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே பதிவு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, என்ன படிவம், யார் யார் கையெழுத்து என்று கேட்டு வைத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். செந்தில்குமார் என்று முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், ஜெர்மன் பதிவேட்டில் அது போய்க் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பிள்ளைக்கும் அதே. முடிந்தால் பாஸ்போர்ட்டில் சர்நேமைப் பிரித்துப் போடும் வேலையை முன்கூட்டியே துணைத் தூதரகத்தில் முடித்துவிடுங்கள். இரண்டாவது குழந்தைக்குப் போகும்போது முதல் குழந்தையின் பெயரைத்தான் முன்மாதிரியாக எடுப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது எழுத்து. ஜெர்மனில் 'இசட்' என்றால் 'ட்ஸ்' ஒலி, 'வி' பல இடங்களில் 'ஃப்', 'ஜே' என்றால் 'ய'. யாழினி என்று நாம் ஆங்கிலத்தில் எழுதும் பெயரை இங்கே யாட்ஸினி என்று படிக்கிறார்கள். ஜெயந்தி இங்கே யயந்தி. இதற்காகப் பெயரை மாற்றச் சொல்லவில்லை. எங்கள் மூத்தவள் பெயரில் ழகரம் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தோம். கிண்டர்கார்டன் ஆசிரியை ஒருவர் ஒரு வாரம் நாக்கை மடித்துப் பழகி, அழகாகவே சொல்கிறார். ஆனால் எந்த எழுத்துகளில் எழுதப் போகிறோம் என்பதைக் கணவனும் மனைவியும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்துக் கூட்டுவதாக இருந்தால் அதையும் அப்போதே. பின்னால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

நட்சத்திரம் பார்த்துத்தான் பெயர் வைப்போம், பிறக்கும் முன் எப்படி முடிவு செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு ஜெர்மன் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பிறப்பை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அதை மருத்துவமனையே செய்துவிடும். முதற்பெயரை மட்டும் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம். பதினாறாம் நாள் தொட்டிலிட்டுப் பெயர் வைக்கும் வீடுகளுக்கு அது தாராளம். சான்றிதழ் அத்தனை நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

ஊரில் இருந்து வரவேண்டிய காகிதங்கள்

பெற்றோரின் பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, திருமணச் சான்றிதழ், இருவரின் பிறப்புச் சான்றிதழ். பதிவு அலுவலகம் கேட்பவை இவைதான். கடைசி இரண்டில்தான் எல்லாரும் மாட்டுகிறோம்.

திருமணச் சான்றிதழ் என்றால் மண்டபத்திலோ கோயிலிலோ கொடுத்த ரசீது இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்று. தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயம் என்பதால் பலரிடம் இருக்கும். பிறப்புச் சான்றிதழ்தான் தொல்லை. எண்பதுகளில், தொண்ணூறுகளில் பிறந்த நம்மில் பலருடைய சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். அதில் பெயர் சேர்க்கப் பிறந்த ஊர் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ யாராவது நேரில் போகவேண்டும். என் மனைவியின் சான்றிதழுக்காக என் மாமனார் நான்கு முறை பஸ் ஏறினார். கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்திலேயே ஊருக்குப் போன் போட்டு இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்து மொழிபெயர்ப்பு. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்ததுதான் செல்லும். அவர்களுடைய பட்டியலை ஜெர்மன் நீதித்துறையே இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் ஆங்கிலம்–ஜெர்மன் மொழிபெயர்ப்பாளரே போதும். முழுக்கத் தமிழில் கையால் எழுதிய பழைய சான்று என்றால், ஊரிலேயே ஆங்கிலத்தில் புதிய நகல் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். செலவு பாதியாகக் குறையும்.

ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிட்டோம், போதாதா? போதாது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருந்தாலும், ஜெர்மனி அதற்கு ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் இந்திய அப்போஸ்டில் இங்கே செல்லாது. சந்தேகம் வந்தால் பதிவு அலுவலகம் சென்னையில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகம் மூலமாக ஆவணத்தைச் சரிபார்க்கச் சொல்லும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், செலவும் உங்களுடையது. எல்லா ஊரிலும் இதைக் கேட்பதில்லை. எங்களுக்குக் கேட்கவில்லை, பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கேட்டார்கள். அப்படி நிலுவையில் இருக்கும்போது பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் தருவார்கள், அதில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு குறிப்பு இருக்கும். பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். பதற வேண்டாம், அதுவும் சட்டப்படி செல்லும் ஆவணம்தான். அதை வைத்தே மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.

பதிவு அலுவலகத்தில் அந்த ஐந்து நிமிடம்

மருத்துவமனையில் ஒரு படிவம் தருவார்கள். அதில் பெயரைப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி எழுதுங்கள். மூத்தவளுக்கு நான் கூட்டெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என் 'என்' அவர்கள் கண்ணுக்கு 'யூ' ஆகத் தெரிந்திருக்கிறது. சில நாள் கழித்துப் பதிவு அலுவலகத்தில், பதிவதற்கு முன் ஒரு முன்வரைவைக் காட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்று நாள் தூக்கமில்லாத கண்ணோடு இருவரும் பார்த்தோம், தலையாட்டினோம், கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு வந்து இந்தியப் படிவத்தில் பெயரை ஏற்றும்போதுதான் தெரிந்தது. அதைத் திருத்த ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் பாஸ்போர்ட் வேலை அப்படியே நின்றது.

சின்னவனுக்கு, முன்பே சொன்ன அந்தத் தாளை எடுத்துப் போய் முன்வரைவுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை எழுத்தெழுத்தாக நகர்த்திப் படித்தோம். குழந்தையின் பெயர் மட்டுமல்ல, எங்கள் பெயர்கள், பிறந்த ஊர்கள், தேதிகள் எல்லாம். அலுவலர் பொறுமையாகக் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், நீங்களும் அவசரப்படாதீர்கள்.

சான்றிதழ் வாங்கும்போது எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள். குழந்தைப் பணம் (பிள்ளைக்காக அரசு மாதாமாதம் தருவது), பெற்றோர் பணம் (பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையைக் குறைக்கும் பெற்றோருக்கு அரசு தருவது), மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கான நகல்கள் இலவசம். ஆனால் அவற்றில் என்ன காரியத்துக்கு என்று அச்சிட்டிருக்கும், வேறெங்கும் காட்ட முடியாது. அதற்கு மேல் சாதாரணச் சான்றிதழ் இரண்டும், பன்மொழிச் சான்றிதழ் இரண்டும் பணம் கட்டி வாங்குங்கள். பன்மொழிச் சான்றிதழில் தலைப்புகள் ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால் இந்தியத் தூதரக வேலைக்கு அதுதான் வசதி.

குழந்தைப் பணத்துக்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள். 2025இல் அது மாதம் 255 யூரோவாக இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். பெற்றோர் பணத்துக்கு அந்தக் கெடு மூன்றே மாதம்.

இந்தியப் பதிவும் பாஸ்போர்ட்டும்

இந்தியத் தூதரகம் பெர்லினில். துணைத் தூதரகங்கள் பிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க்கில். நீங்கள் வசிக்கும் மாநிலம் யாருக்குக் கீழ் வருகிறதோ அங்கேதான் போகவேண்டும். பவேரியா மியூனிக்குக் கீழ்.

வேலை இரண்டு. ஒன்று, பிரிவு 4(1)இன்படி குழந்தையின் பிறப்பை இந்தியக் குடிமகனாகப் பதிவது. இது இந்திய உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் நிரப்பும் விண்ணப்பம். இரண்டு, பாஸ்போர்ட் சேவா தளத்தில் நிரப்பும் பாஸ்போர்ட் விண்ணப்பம். இரண்டையும் சேர்த்தே கொண்டு போகலாம். பதிவு இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது, அதனால் முதலாவதில் ஒரு குறை இருந்தால் இரண்டும் திரும்பி வரும்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை: முதற்பெயர் கட்டத்தில் ஜெர்மன் சான்றிதழின் முதற்பெயர், சர்நேம் கட்டத்தில் அதன் குடும்பப்பெயர், ஒரு எழுத்துக்கூட மாறக்கூடாது. பிறந்த இடம் என்றால் மருத்துவமனை இருக்கும் ஊர். உங்கள் வீடு பக்கத்து ஊரில் இருந்தாலும் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டுகளில் கணவன், மனைவி பெயர் சேர்க்கப்பட்டிருந்தால் கேள்வி குறையும். குழந்தை வேறு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் வைத்திருக்கவில்லை என்று பெற்றோர் இருவரும் உறுதிமொழி தரவேண்டும். இது சட்டம் கேட்பது, வெறும் சடங்கு இல்லை.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இருவர் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், குடியிருப்பு அட்டையின் இரு பக்கம், முகவரிப் பதிவுச் சான்று, இவற்றில் அசல் ஒரு கட்டும் நகல் இரண்டு கட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் படங்களின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கிளம்புவதற்கு முந்தின நாள் துணைத் தூதரகத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் போன வருடம் யாரோ போட்ட பட்டியலை நம்பிப் போகாதீர்கள்.

வெளியூரில் இருந்து பவேரியா டிக்கெட்டில், அதாவது மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் ரயில் டிக்கெட்டில், போகிறவர்களுக்கு ஒன்று. வார நாட்களில் அந்த டிக்கெட் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். டெர்மினை, அதாவது முன்பதிவு நேரத்தை, 9.30க்குப் போட்டுவிட்டு அந்த டிக்கெட்டை வாங்கி வைக்காதீர்கள். கைக்குழந்தையோடு போகிறீர்கள், பதினோரு மணிக்கு மேல் நேரம் கிடைத்தால் அதுதான் நல்லது. வழியில் ஒரு முறை பால் கொடுக்க, ஒரு முறை டயப்பர் மாற்ற நேரம் வேண்டும்.

படமும் ரேகையும்

இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். வெள்ளைப் பின்னணி, முகம் நேராக, கண் திறந்து, வாய் மூடி, யார் கையும் தெரியாமல் இருக்க வேண்டும். ஆறு வாரக் குழந்தையிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? எங்களுக்குப் பலித்த வழி இதுதான். ஜன்னலோரம் தரையில் வெள்ளை விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரித்து, பால் குடித்து அரைமணி நேரம் ஆன குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, அம்மா தலைக்கு நேர் மேலே நின்று மெதுவாகக் கூப்பிட, அப்பா மேலிருந்து எடுக்க வேண்டும். நாற்பது படம் எடுத்தால் இரண்டு தேறும்.

பிரசவத்துக்குத் துணையாக ஊரில் இருந்து பாட்டி வந்திருப்பார். குளிப்பாட்டிய கையோடு நெற்றியிலும் கன்னத்திலும் திருஷ்டிப் பொட்டு வைத்துவிடுவார். எங்கள் முதல் கட்டுப் படங்கள் முழுக்கக் கன்னத்தில் கறுப்பு வட்டம். அழகாகத்தான் இருந்தது, இன்றும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பாஸ்போர்ட்டுக்கு ஆகாது. கண்மையும் கூடாது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் உள்ளங்காலில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னோம், அவரும் ஒத்துக்கொண்டார்.

கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. எந்தக் கை என்று படிவக் குறிப்பில் இருக்கும், அதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். விழித்திருக்கும் குழந்தை முஷ்டியை விடாது. நன்றாகத் தூங்கிய பிறகு, மணிக்கட்டுக்கு மேல் லேசாகத் தடவினால் விரல்கள் தானாக விரியும். மை அட்டையில் விரலை அழுத்தாமல் தொட்டு, முதலில் வேறு தாளில் இரண்டு முறை வைத்து மையைக் குறைத்து, பிறகு கட்டத்துக்குள் ஒரே ஒரு முறை உருட்டாமல் வைக்க வேண்டும். கட்டத்தின் கோட்டைத் தொடக்கூடாது. அதற்காகவே படிவத்தின் அந்தப் பக்கத்தை நான்கு பிரதி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மையைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சு போதும். அந்தக் கட்டத்துக்குள் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரேகை விழுந்திருந்ததைப் பார்த்தபோது, அத்தனை அலைச்சலும் ஒரு நிமிடம் மறந்துபோனது.

குடியிருப்பு அட்டை, அதன் பிறகுதான் விமான டிக்கெட்

இந்தியப் பாஸ்போர்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு ஜெர்மன் குடியிருப்பு அனுமதி வேண்டும். இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறந்த ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை இங்கே இருப்பதில் தவறில்லை. ஆனால் அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது பெரும்பாடு. பாஸ்போர்ட்டுக்காகக் காத்திராமல், பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததுமே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி டெர்மின் கேட்டு வையுங்கள். பல ஊர்களில் டெர்மின் கிடைக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகிறது. ஆறு வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை.

குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். புதுப்பிக்கும்போது அட்டையையும் புதுப் பாஸ்போர்ட்டுக்கு மாற்ற வேண்டும் என்பதால், முடிவதற்கு ஆறு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

ஜெர்மன் குடியுரிமை கிடைத்த குழந்தைக்கு

இந்த வழி சுருக்கமானது. சிறுவர்களுக்கான தனிப் பயண ஆவணம் 2024 ஜனவரி முதல் இல்லை. வழக்கமான ஜெர்மன் பாஸ்போர்ட்டையே 37.50 யூரோவுக்கு எடுக்க வேண்டும், 6 ஆண்டு செல்லும். பிறகு இந்திய அரசின் ஓசிஐ தளத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தியாவுக்கு வெளியே கட்டணம் 275 டாலர் மதிப்புக்கு. வர இரண்டு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஊருக்குப் போயாக வேண்டும் என்றால் இ-விசா இருக்கிறது.

"ஜெர்மன் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கிட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்து வச்சுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஜெர்மனி 2024 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டது உண்மை, ஆனால் இந்தியா ஏற்கவில்லை. வேறு பாஸ்போர்ட் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொன்றைப் பெட்டியில் வைத்திருப்பது, பிள்ளை பெரியவளானதும் அவள் தலையில் விழும் சிக்கல்.

ஓசிஐ என்பது ஆயுட்கால விசா மாதிரி, குடியுரிமை இல்லை. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பிள்ளையை ஊரில் மருத்துவம் படிக்கவைக்கும் ஆசை இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கு என்ஆர்ஐ இடங்கள் மட்டும்தான். 20 வயது வரை ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் புதுப்பித்ததும் அதன் நகலையும் புதுப் படத்தையும் மூன்று மாதத்துக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

ஓராண்டு தாண்டிவிட்டால், ஊருக்கே திரும்பினால்

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வீடு மாறியதிலும் வேலை மாறியதிலும் பதிவைத் தள்ளிப் போட்டுப் பதினான்காவது மாதத்தில்தான் போனார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுதி, உறுதிமொழிப் பத்திரம் வைத்து, கோப்பு டெல்லிக்குப் போனது. அந்த நாட்களில் ஊரில் தாத்தா தவறிவிட்டார். அப்பா மட்டும் தனியாகப் போய்க் காரியம் செய்துவிட்டு வந்தார். குழந்தையும் தாயும் போக முடியவில்லை. ஓராண்டு என்று கேட்கும்போது நிறைய நாள் இருப்பது போலத் தோன்றும். பால், தடுப்பூசி, தூக்கமின்மை என்று அது ஓடிப்போகும். நான்காம் மாதத்துக்குள் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஈழத்துக் குடும்பங்களும் கவனிக்கலாம்: இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் பதியச் சொல்கிறது.

பாஸ்போர்ட்டோடு துணைத் தூதரகம் தரும் பிறப்புப் பதிவுச் சான்றைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். பாஸ்போர்ட் ஐந்தாண்டில் மாறும், இது மாறாது. நாளைக்கு ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புச் சான்று கேட்டால் காட்ட வேண்டியது இதைத்தான். இங்கே பதிவு செய்யாமலே இந்தியாவில் குடியேறத் திரும்பிவிட்டீர்கள் என்றால், குழந்தை இந்தியா வந்த நாளில் இருந்து 60 நாளுக்குள் உள்ளூர்ப் பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் பிறப்பைப் பதியலாம். அதற்கும் ஜெர்மன் பிறப்புச் சான்றிதழின் அசல் கேட்பார்கள், அதனால் அந்தப் பன்மொழிச் சான்றிதழ்களில் ஒன்றைக் கைப்பெட்டியில் வையுங்கள், சரக்கில் போட்டு அனுப்பாதீர்கள்.